பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், மருத்துவரைப் பார்க்க ஏற்காட்டிலிருந்து இறங்கி வருபவர்கள் என யார் வந்தாலும், பதற்றத்திற்கான மாத்திரையை வாங்கும்போது கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். பின்னால் தெரிந்தவர் யாராவது நின்றால் கேட்காமலே போய்விடுகிறார்கள். அப்படிப் போய்விடுபவர்களுக்காகவே இவற்றைத் தொகுத்தேன்.

அல்பிரசோலாம், குளோனாசெபாம், லோராசெபாம், டயாசெபாம், குளோர்டயாசெபாக்சைடு ஆகிய மருந்துகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன். எவருக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்த பிறகு வீட்டில் நடக்கும் தவறுகளைத் தவிர்ப்பதற்கே இந்தப் பதில்கள் உதவும்.

டாக்டர் எழுதியிருக்கிறது நரம்பு மாத்திரைங்களா, தூக்க மாத்திரைங்களா?

மேலே சொன்ன ஐந்தும் பென்சோடயாசெபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையின் பரபரப்பை அடக்குவதற்கு உடலிலேயே 'காபா' என்றொரு வேதிப்பொருள் உண்டு. இம்மருந்துகள் அதன் வேலைக்கு வலுச் சேர்க்கின்றன. அதனால்தான் நெஞ்சுப் படபடப்பும் பதற்றமும் தணிகின்றன, தசைகளின் இறுக்கம் தளர்கிறது, தூக்கமும் வருகிறது. வலிப்பை நிறுத்துவதற்கும் இவற்றில் சில மருந்துகள் பயன்படுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; திடீரென நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இக்குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டயாசெபாக்சைடு 1960-இலும், டயாசெபாம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. இன்று ஒரே மருந்து பல பெயர்களில் கிடைப்பதால், அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டுல 0-0-½ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல எஸ்.ஓ.எஸ்.னு இருக்கு. ஒண்ணும் புரியலை.

மூன்று எண்களும் முறையே காலை, மதியம், இரவு வேளைகளைக் குறிக்கும். எனவே 0-0-½ என்றால் இரவில் மட்டும் அரை மாத்திரை. எஸ்.ஓ.எஸ். என்பது தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள்படும். தேவை என்பதை எப்படி முடிவு செய்வது, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, வாரத்தில் எத்தனை நாள் என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குவது நல்லது. எல்லையில்லாமல் எழுதப்பட்ட எஸ்.ஓ.எஸ். சில மாதங்களில் தினசரி மாத்திரையாக மாறிவிடுவதை நான் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

புள்ளியையும் கவனியுங்கள். 0.25, 0.5 என்னும் அளவுகளில் வரும் மருந்துகள் இவை; 0.25 கிடைக்கவில்லை என்று 0.5 மாத்திரையைக் கொடுத்தால், அது இரண்டு மடங்கு. கொடுப்பவர் சொல்லாவிட்டாலும் வாங்குபவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

போட்டவுடனே கேக்குமா? எவ்வளவு நேரம் நிக்கும்?

பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் பலன் தெரியும். பத்து நிமிடத்தில் கேட்கவில்லை என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும்போது நிற்கவே முடியாமல் தள்ளாட நேரிடும்.

பலன் தெரியும் நேரமும் மருந்து உடலில் தங்கும் நேரமும் வேறு வேறு. இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைவதற்கு அல்பிரசோலாமுக்குச் சராசரியாக 11 மணி நேரமும், லோராசெபாமுக்கு ஏறத்தாழ 12 மணி நேரமும், குளோனாசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரமும் ஆகின்றன. டயாசெபாமும் அது உடலில் மாறி உண்டாகும் பொருளும் பல நாட்கள் தங்கும். ஆகவே, தினமும் ஒரு மாத்திரைதானே என்று நினைப்பவரின் உடலில் முந்தைய நாள் மாத்திரையின் மிச்சமும் இருக்கும்.

இதை எத்தனை நாளைக்குப் போடணும்?

பதற்றத்திற்காகத் தினமும் எடுத்துக்கொள்வதானால், பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலை. வலிப்பு போன்ற வேறு நோய்களுக்குக் கொடுக்கப்படும்போது கணக்கு வேறு. நாட்கள் செல்லச் செல்ல, உடல் மருந்துக்குப் பழகி, அதே அளவு முன்போலக் கேட்காமல் போகும். அப்போது அளவைக் கூட்டத் தோன்றும்.

முதல் நாளே மருத்துவரிடம், "இதை எப்போது நிறுத்துவோம்?" என்று கேளுங்கள். மாத்திரையைத் தொடங்கும்போதே முடிவுத் தேதியையும் பேசிவிட்டால், பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வராமலே போகும் என்பது என் திடமான கருத்து.

ரெண்டு மாத்திரை கொடுத்திருக்காங்க. சின்னது நல்லாக் கேக்குது, இன்னொண்ணு ஒண்ணுமே செய்யலை. அதை நிறுத்திடலாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எஸ்சிடலோபிராம் அல்லது செர்ட்ராலின் மாத்திரையைத்தான் "ஒண்ணும் செய்யாதது" என்கிறார்கள். உண்மையில் நீண்டகால நிவாரணத்திற்காகக் கொடுக்கப்பட்டது அதுதான். அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். தொடக்க நாட்களில் வயிற்றுப் புரட்டலும் சற்றுக் கூடுதலான பதற்றமும்கூட உண்டாகலாம். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கே விரைவாகக் கேட்கும் பென்சோடயாசெபைனைச் சில வாரங்களுக்குச் சேர்த்து எழுதுகிறார்கள்.

பலர் செய்வது இதற்கு நேர் எதிரானது: நீண்ட நாள் எடுத்துக்கொள்ள வேண்டியதைப் பத்தாம் நாள் நிறுத்திவிட்டு, சில வாரங்களில் நிறுத்த வேண்டியதை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். அப்படிச் செய்வதால் நோய் அப்படியே இருக்க, மருந்துப் பழக்கமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. மாத்திரை உருவத்தில் சிறியதாக இருப்பதும் ஏமாற்றக்கூடியது, 0.5 மி.கி. குளோனாசெபாமை 10 மி.கி. டயாசெபாமுக்கு ஏறத்தாழ ஈடாகக் கணக்கிடுவது உண்டு.

இன்னொரு சிக்கல், எஸ்சிடலோபிராமும் குளோனாசெபாமும் ஒரே மாத்திரையாகவும் வருகின்றன. அதை எடுத்துக்கொள்பவருக்குத் தாம் இரண்டு மருந்துகள் சாப்பிடுவதே தெரியாது. ஒன்றை மட்டும் குறைக்கவும் வழியிருக்காது. அட்டையில் இரண்டு மருந்துப் பெயர்கள் இருந்தால், தனித்தனி மாத்திரைகளாக எழுத முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

சீட்டு பழசுதான், ஆனா அதே மாத்திரைதானே? ஏன் தர மாட்டேங்கிறீங்க?

இந்த மருந்துகள் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் கீழும் வருவதால், அட்டையில் சிவப்பு நிறத்தில் என்.ஆர்.எக்ஸ். என்ற குறி இருக்கும். அல்பிரசோலாம், டயாசெபாம், குளோர்டயாசெபாக்சைடு ஆகியவை, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 என்னும் கூடுதல் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலிலும் உள்ளன. அவற்றை விற்கும்போது எழுதிய மருத்துவர், வாங்கும் நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவர் சீட்டில் குறிப்பிட்டிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

எங்களோடு சண்டை போடுபவர்கள் உண்டு. பத்துக் கடை தள்ளிப் போய் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. சட்டம் இருக்கட்டும். ஆறு மாதத்திற்கு முன் எழுதிய சீட்டு ஆறு மாதத்திற்கு முந்தைய உடலுக்கும், அப்போது சாப்பிட்ட மருந்துகளுக்கும் ஏற்றபடி எழுதியது. அதற்குப் பிறகு கல்லீரலோ மூச்சோ கெட்டிருந்தால் அந்தச் சீட்டுக்கு அது தெரியாது.

ஒரு வேளை மறந்துட்டேன். அடுத்த வேளை ரெண்டாப் போடலாமா?

கூடாது. மறந்தது சீக்கிரமே நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும்.

அரை மாத்திரையாக் கத்தரிச்சுக் கொடுக்கறீங்களே, எல்லாத்தையும் அப்படி உடைக்கலாமா?

நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரையை உடைக்கலாம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று அட்டையில் குறிக்கப்பட்டவை மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்தாலோ மென்றாலோ மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

அட்டையைக் கத்தரிக்கும்போது நடக்கும் ஒரு சிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாத்திரை அட்டையில் ஆறு கேட்டால் நாங்கள் கத்தரித்துக் கொடுக்கிறோம். காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், மருந்துப் பெயரும் பாதியில் வெட்டுப்படும். வீட்டில் இரத்த அழுத்த மாத்திரையின் துண்டும் இதுவும் ஒரே டப்பாவில் கிடந்தால் எது எதுவென்று தெரியாமல் போகிறது. துண்டை ஒரு காகித உறையில் போட்டுப் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள்.

இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாங்களா? எனக்கு வீடு ஏற்காடு மேல.

மருந்து தொடங்கிய நாட்களிலும், அளவைக் கூட்டிய ஒவ்வொரு முறையும், உங்கள் உடல் அதை எப்படித் தாங்குகிறது என்று தெரியும்வரை ஓட்டவே கூடாது. அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மூடுபனியில் எதிரே பேருந்தின் விளக்கு தெரிந்ததும் காலை பிரேக்கில் வைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை இந்த மருந்து நீட்டிவிடுகிறது. "எனக்குத் தூக்கமே வரலை, தெளிவாத்தான் இருக்கேன்" என்பதை நம்பிவிட முடியாது. தூக்கம் தெரியாமலே கவனமும் கணிப்பும் குறைந்திருக்கும், அந்தக் குறையை உணரும் திறனும் சேர்ந்தே மழுங்கியிருக்கும்.

இரவு பத்து மணிக்குப் போட்டேன், காலை ஆறு மணிக்குத்தானே ஓட்டுகிறேன் என்பவர்கள் மேலே சொன்ன மணிக்கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். குளோனாசெபாம் போட்டவருக்குக் காலை ஆறு மணிக்கு மருந்தின் பெரும்பகுதி உடலில்தான் இருக்கும். போதைமருந்தின் பாதிப்பில் கட்டுப்பாடின்றி வண்டி ஓட்டுவது, மது குடித்துவிட்டு ஓட்டுவதைப் போலவே 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் குற்றமாகும்.

வண்டி மட்டுமல்ல. விசைத்தறியில் அறுந்த இழையைப் பிடிப்பவர், வெள்ளியை உருக்கி ஊற்றுபவர், எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பவர் ஆகியோரும் தங்கள் வேலையை மருத்துவரிடம் சொல்லியே மருந்தை வாங்க வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தர அவரால் முடியும்.

என்னைக்காவது ஒரு நாள் கொஞ்சமாக் குடிச்சா என்ன ஆகும்?

"கொஞ்சம்" என்பதற்கு இங்கே பாதுகாப்பான அளவு கிடையாது. மதுவும் இந்த மருந்தும் மூளையில் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டும் சேரும்போது மூச்சை இயக்கும் பகுதியும் அடங்கிப் போகலாம். தூக்கத்தில் மூச்சு நின்றோ, வாந்தி தொண்டையில் சிக்கியோ உயிர் போகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் அதைக் குறட்டை என்று நினைத்துக்கொள்கிறார். கல்யாண வீட்டுக்குப் போகிறேன், இன்று மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்துக்கொள்கிறேன் என்பதும் தீர்வல்ல. நேற்றைய மருந்து இன்னும் உடலில் இருக்கிறது.

தினமும் குடிப்பவர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மதுவை நிறுத்தும்போது வரும் நடுக்கத்திற்கே மருத்துவமனையில் இதே குடும்பத்து மருந்துகளைக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதால், அது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய தகவல்.

சளிக்கும் முதுகுவலிக்கும் மாத்திரை சாப்பிடறேன். சேர்த்துப் போடலாமா?

மிகவும் ஆபத்தானவை, அபினியைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை மருந்துகள். கடுமையான வலிக்கு எழுதப்படும் டிராமடால், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் ஆகியவை இதனோடு சேர்ந்தால், மதுவைப் போலவே மூச்சை அடக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் இந்தச் சேர்க்கைக்குத் தன் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமினும் மயக்கத்தைக் கூட்டும். பாரசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையால் இந்தத் தொல்லை இல்லை.

வேறொரு வகையான மோதலும் உண்டு. பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், தொண்டைத் தொற்றுக்கான கிளாரித்ரோமைசின் ஆகியவை, அல்பிரசோலாமைக் கல்லீரல் கழித்து வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. அதனால் வழக்கமான அளவே கூடுதல் அளவைப்போல வேலை செய்யும். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் மாதக்கணக்கில் எழுதப்படும் ஊர் இது. தோல் மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. தூக்கத்திற்காக அமுக்கரா சூரணம் எடுத்துக்கொள்பவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காபி குடிச்சா மாத்திரை முறிஞ்சிடுமா?

முறியாது. ஆனால் காபி படபடப்பைக் கூட்டும். ஏற்காட்டுக் காபி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்துக்கொண்டே படபடப்புக்கு மாத்திரை போடுவதில் பொருளில்லை. மயக்கத்தைத் தெளிவிக்கக் காபி கொடுப்பதும் பயன்படாது.

நான் வயித்துக்குத்தான் மாத்திரை சாப்பிடறேன். அதுலயும் இது இருக்குங்கிறாங்களே?

இருக்கலாம். குடல் இறுக்கத்திற்கும் அடிக்கடி வயிறு கலங்குவதற்கும் கொடுக்கப்படும் ஒருவகை மாத்திரையில் கிளிடினியத்தோடு குளோர்டயாசெபாக்சைடு சேர்ந்திருக்கிறது. மன அழுத்தத்திற்கான அமிட்ரிப்டிலினோடும் அதே மருந்து சேர்ந்து வருகிறது. படபடப்புக்கான புரோப்ரனோலாலோடு அல்பிரசோலாம் சேர்த்த மாத்திரைகளும் உண்டு; அதில் புரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது என்பது கூடுதல் கவலை.

வயிற்று மருத்துவர் ஒன்றும், மனநல மருத்துவர் ஒன்றும் எழுத, ஒரே குடும்பத்து மருந்து இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்கிறது. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. ராத்திரி தூங்கறதில்லை. அரை மாத்திரைதானே, கொடுக்கலாமா?

முதியவர்களுக்கு இந்த மருந்துகளை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பதே முதியோர் மருத்துவத்தின் பொது விதி. வயது ஏற ஏற மருந்து உடலை விட்டு வெளியேறுவது தாமதமாகும். மூளையையும் அது கூடுதலாகப் பாதிக்கும். நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்து, தடுமாறி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தவர்களின் பிள்ளைகள் பிறகு எங்களிடம் கட்டுத்துணியும் வலி மாத்திரையும் வாங்க வருகிறார்கள். இரவில் குழம்பிப் பேசுவதும், மறதி கூடுவதும் வயதினால் என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். மாத்திரையாலும் அது வரலாம்.

தூங்காததற்குக் காரணம் முழங்கால் வலியா, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதா, பகல் தூக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும். மருத்துவர் அவசியம் என்று கருதி எழுதினால், குறைந்த அளவில் குறைந்த நாட்களுக்குக் கொடுத்து, கட்டிலிலிருந்து கழிவறை வரை விளக்கைப் போட்டு வையுங்கள். பல ஆண்டுகளாகவே எடுத்துவரும் முதியவருக்கு, இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

கர்ப்பமா இருக்கேன். பால் கொடுக்கிறவங்க போடலாமா?

கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையைத் தூக்கி எறியாமல், எழுதிய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் உடனே பார்க்க வேண்டும். கடைசி மாதங்களில் தொடர்ந்து எடுத்தால், பிறக்கும் குழந்தை துவண்டு, பால் குடிக்கத் திணறலாம். சில நாட்கள் கழித்து நடுக்கமும் வரலாம். பால் கொடுக்கும் தாய் எடுத்துக்கொண்டால், குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறதா, எடை ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். குழந்தையைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு தாய் இந்த மாத்திரையைப் போட்டுத் தூங்கக் கூடாது.

குறட்டை, வீசிங் இருக்கிறவங்களுக்கு ஆகுமா?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும், நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், தசைகள் சோரும் மயஸ்தீனியா நோயாளிகளுக்கும் இது மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் கெட்டவர்களுக்கு மற்றவற்றைவிட லோராசெபாமை விரும்பி எழுதுவார்கள், ஏனெனில் அதைக் கழிப்பது கல்லீரலுக்கு எளிது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே படபடப்புதான். என்னோடதுல ரெண்டு கொடுத்தேன். தப்புங்களா?

தவறுதான். படபடப்பெல்லாம் பதற்றம் அல்ல. தைராய்டு கூடினாலும், இரத்தம் குறைந்தாலும், நீரிழிவு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினாலும் இதே நெஞ்சடிப்பும் வியர்வையும் வரும். மாரடைப்பு வந்தவருக்குப் பதற்ற மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தால், மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் போய்விடும். அந்த அக்கா வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

எனக்கு நல்லாயிடுச்சு, நானே நிறுத்திட்டேன். இப்ப ரெண்டு நாளாக் கை நடுங்குது, தூக்கமே இல்லை. நோய் திரும்பிடுச்சா?

வாரக்கணக்கில் தினமும் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால், இதுவரை மருந்தால் அடங்கியிருந்த மூளை எல்லை மீறித் துள்ளுகிறது. தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, முன்பைவிடக் கூடுதலான பதற்றம், சிறு ஓசையையும் வெளிச்சத்தையும் தாங்க முடியாமை ஆகியவை வரும். அல்பிரசோலாம், லோராசெபாம் போலச் சீக்கிரம் குறைபவற்றில் ஓரிரு நாட்களிலும், டயாசெபாம் போல நீண்டு தங்குபவற்றில் ஒரு வாரம் கழித்தும்கூட இது தொடங்கலாம். முதல் பதிலில் வலிப்பைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான்: வலிப்பை அடக்கும் மருந்தைத் திடீரென எடுத்துவிட்டால், அதற்கு முன் வலிப்பே வராதவருக்கும் வலிப்பு வரக்கூடும், குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் உண்டு.

இது நோய் திரும்பியதாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருந்தபடி இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நடுக்கம் இருந்தால் அன்றே எழுதிய மருத்துவரிடம் போங்கள்; வலிப்போ குழப்பமோ வந்தால் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

அப்ப எப்படித்தான் விடறது?

மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாக. நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது எடுக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது இன்று பலரும் பின்பற்றும் வேகம். சிலருக்கு மாதங்கள் ஆகும். கடைசிப் படிகளே பெரும்பாலும் கடினமானவை. அல்பிரசோலாமை விட்டு, மெல்லக் குறையும் டயாசெபாமுக்கு மாற்றிப் பிறகு குறைப்பதும் உண்டு, அந்தக் கணக்கை நீங்களாகப் போடக் கூடாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது குறைப்பதாகாது. அளவு ஒருநாள் ஏறி ஒருநாள் இறங்குவதால் தொல்லையே கூடும். வீட்டில் கல்யாணம், பிள்ளையின் பொதுத்தேர்வு, தீபாவளி நேரத்து இரவு வேலை போன்றவை இருந்தால், குறைப்பதை அதன் பிறகு தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. பதற்றத்தைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் ஆலோசனையும் கூடவே நடந்தால், விடுவது எளிதாகிறது.

அப்போ நான் இதுக்கு அடிமை ஆயிட்டேனா?

சொன்ன அளவிலேயே எடுத்தவருக்கும் உடல் பழகிப் போகும். அது மருந்தின் இயல்பு. ஒழுக்கக் குறைவு அல்ல. அளவைத் தானே கூட்டுவது, இரண்டு மருத்துவர்களிடம் சீட்டு வாங்குவது, போதைக்காகப் போடுவது, வீட்டாரிடம் மறைப்பது ஆகியவை தொடங்கினால் விஷயம் வேறு. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு; இரண்டிலும் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குப் பணம் செலவழிக்காமல் காட்டலாம்.

ஒருத்தர் நிறைய மாத்திரை போட்டுட்டார், எழுப்பினா எழுந்திரிக்கலை. என்ன செய்யணும்?

உடனே 108-ஐ அழையுங்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். காலி அட்டைகளையும், மது பாட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாழப் பிடிக்கவில்லை என்று வீட்டில் யாராவது பேசத் தொடங்கியிருந்தால், மாத்திரைகளை மற்றவர் பொறுப்பில் வைத்து, ஒவ்வொரு நாளைக்கு உரியதை மட்டும் கொடுக்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணான 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எங்க வைக்கணும்?

குழந்தைகளின் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடத்தில். சேலத்து வெயிலில் நிறுத்தியிருக்கும் காரிலோ பைக் பெட்டியிலோ வேண்டாம். மலையில் ஈரம் அதிகம் என்பதால், எடுத்துக்கொள்ளும் நேரம்வரை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள்.

அடுத்த வாரம் ஆபரேஷன். மாத்திரையை நிறுத்திட்டுப் போகணுமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. மயக்க மருத்துவரிடம் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளாக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அன்று காலை போட வேண்டுமா என்பதை அவர் சொல்வார். பல் பிடுங்குவதற்கு மயக்கம் கொடுத்தாலும் இதே விதிதான்.

துபாய்க்கு வேலைக்குப் போறேன். மூணு மாசத்துக்கு வாங்கிட்டுப் போயிடலாங்களா?

சீட்டு கையில் இருந்தாலே போதும் என்று நினைத்து ஏறிவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கொண்டு செல்வதற்கு முன்பே அந்நாட்டு அரசிடம் இணையவழி அனுமதி பெற வேண்டும், பெறாமல் போனால் விமான நிலையத்திலேயே வழக்கு ஆகலாம். வேறு நாடுகளுக்கும் அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணத் தேதி தெரிந்ததுமே மருத்துவரைப் பாருங்கள். மருந்தை விடக்கூடிய நிலையில் இருந்தால், மாத்திரையை விடுவது பற்றி மேலே சொன்ன வேகத்தில் குறைப்பதற்கு மாதங்கள் தேவைப்படும். தொடர்வதாக இருந்தால், மருந்தின் பெயரும் அளவும் நோயும் தெளிவாக எழுதிய கடிதத்தை வாங்கி, கத்தரிக்காத முழு அட்டைகளாகப் பில்லோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.